மேக்காத்து மாசம்: வடசென்னைக் காற்றின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

எங்க ஆயா துணி காயப்போடும் முன்னால் வாசலில் நின்று மோந்து பார்ப்பாள். மூக்கைத் தூக்கி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து ஒரு கணம் உள்ளேயே வைத்திருப்பாள். "மேக்காத்துடா, வெள்ளத்துணி வோணாம்" என்பாள். சில நாள் மத்தியானம் ஒரு மணிக்கு மேல், சோற்றுக் கையோடு எழுந்துவந்து, "தோ திரும்பிச்சி பாரு கடக்காத்து, இப்பப் போடு" என்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மணலிப் பக்கமிருந்து வரும் அழுகிய முட்டை வாடை எந்த மாசத்தில் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு மேற்கே இருந்த எங்கள் தெருவில் எல்லாக் கிழவிகளுக்கும் அது தெரியும்.

பள்ளிக்கூடத்தில் நான் வேறு பருவங்களைப் படித்தேன். இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி. வடக்கேயிருந்து வருவது வாடை, கிழக்கேயிருந்து வருவது கொண்டல், தெற்கேயிருந்து வருவது தென்றல், மேற்கேயிருந்து வருவது கோடை. தமிழ் வாத்தியார் தென்றலைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகமே மாறிவிடும். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. எங்க தெருவுக்கு வரும் தென்றல் ஏன் சார் கொடுங்கையூர்க் குப்பை நாத்தத்தோடு வருது என்று கேட்டிருந்தால் வகுப்பே சிரித்திருக்கும்.

இன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். பருவம் இயற்கையானது, காற்று எல்லோருக்கும் பொது என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. காற்று பொதுதான். ஆனால் அது எதைச் சுமந்துகொண்டு யார் வீட்டுக்கு வரும் என்பதை மனிதர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். எதை எங்கே வைப்பது, யாரை எங்கே வைப்பது என்று இருநூறு ஆண்டுகளாக எடுக்கப்பட்ட முடிவுகளின் வரலாறுதான் வடசென்னையின் பருவநிலை வரலாறு.

2

சென்னையில் காற்றை அளப்பது புதிய காரியம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டியது. 1796 முதல் அங்கே வெப்பம், காற்றழுத்தம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். கப்பலுக்குக் காற்று வேண்டும், வரிக்கு மழை வேண்டும். எனவே அளந்தார்கள். இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய வானிலைப் பதிவுகளில் ஒன்று இந்த ஊருடையது என்று பெருமைப்படலாம்.

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அளந்தார்கள். அது எதைக் கொண்டுவருகிறது என்று அளக்க இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆகின.

ஆனால் அளக்காமலே காற்றின் திசையைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். பொன்னேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவள் எங்க ஆயா. "சேரி மேல பட்ட காத்து ஊரு மேல படக்கூடாது, அத்தொட்டு நம்மளக் காத்து போற தெசையில வச்சிட்டாங்க" என்பாள். தீண்டப்படாதவர்கள் ஊருக்குத் தெற்கேதான் குடியிருக்க வேண்டும், நான்கு திசைகளில் அமங்கலமானது தெற்கு என்பதே காரணம் என்று கிராமத்தின் எழுதாத சட்டங்களை அடுக்கும்போது டாக்டர் அம்பேத்கர் குறிப்பிடுகிறார். கிராமத்துக்குக் கிராமம் திசை மாறலாம். விதி ஒன்றுதான்: நாற்றமும் தீட்டும் ஊரிலிருந்து சேரிக்குப் போகலாம், சேரியிலிருந்து ஊருக்கு வரக்கூடாது. நகரத்துக்குத் திட்டம் போட்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் திட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. படிக்காமலே இதே வரைபடம் அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி.

3

எண்ணூர் ஒரு காலத்தில் காற்று வாங்கப் போகிற இடம். நம்பச் சிரமமாக இருக்கும். கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்கள் கழிமுகத்து ஓரத்தில் தோட்டவீடுகள் கட்டிக்கொண்டு, படகு விட்டுக்கொண்டு, நல்ல காற்றுக்காக அங்கே போய்த் தங்கியிருக்கிறார்கள். 1806 வாக்கில் கறுப்பர் நகரத்தையும் எண்ணூரையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. காக்ரேன் கால்வாய் என்று பெயர். விறகும் உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் அதில் வந்தன.

பிறகு பருவம் பொய்த்தது. 1876-லும் 1877-லும் மழை இல்லை. பசிபிக் பெருங்கடலின் வெப்பம் மாறியதால் நேர்ந்தது அது, எல் நினோ என்று இன்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். மழை இல்லாதது இயற்கை. தானியம் கப்பலேறிப் போனதும், நிவாரண வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்ததும் இயற்கை இல்லை. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். நிலமில்லாத பறையரும் சக்கிலியரும் முதலில் செத்தார்கள், அல்லது முதலில் ஊரைவிட்டு நடந்தார்கள். நடந்து சென்னைக்கு வந்தவர்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஐந்து மைல் நீளத்துக்கு மண் வெட்டவைத்தார்கள். முடிந்ததும் 1878-ல் வடக்கே காக்ரேன் வெட்டியதையும் சேர்த்து முழுக் கால்வாய்க்கும் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை.

இந்தக் கால்வாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி வரும்.

அதே ஆண்டுகளில்தான் வடசென்னை உருவாகிறது. ராயபுரத்திலிருந்து 1856-லேயே தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிவிட்டது. 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல். 1876-ல் பக்கிங்காம் மில், சில ஆண்டுகளில் கர்நாடிக் மில். செங்கல்பட்டு மாவட்டப் பறையர்களின் நிலையைப் பற்றிக் கலெக்டர் டிரமென்கீர் அறிக்கை எழுதியதும், அதையொட்டி 1892-ல் பஞ்சமி நில உத்தரவு வந்ததும் நமக்குத் தெரியும். அந்த நிலம் யார் கைக்குப் போனது என்பதும் தெரியும். நிலம் கிடைக்காதவர்களும், கிடைத்து இழந்தவர்களும் ரயிலடிக்கும் துறைமுகத்துக்கும் மில்லுக்கும் வந்தார்கள். கிராமத்தில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது. ஆண்டையின் முகத்தைப் பார்க்காமல் வாரக்கூலி வாங்கலாம். அதற்கு விலையாகக் கரிப்புகையைச் சுவாசிக்க வேண்டும். எங்கள் முன்னோர் கணக்குப் போட்டுத்தான் இந்த விலையைக் கொடுத்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் வந்த இடத்திலும் நம்மை எங்கே வைப்பது என்ற பேச்சு ஓயவில்லை. 1921 மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. அப்போது, பிரச்சினை தீர வேண்டுமானால் ஆதிதிராவிடர்களை நகரத்தைவிட்டே வெளியே அனுப்பலாம் என்ற யோசனை நீதிக்கட்சித் தலைமையிடமிருந்தே வந்தது. எம்.சி. ராஜா அந்தக் கட்சியோடு முறித்துக்கொண்டதன் பின்னணியில் இதுவும் உண்டு.

துறைமுகம் இன்னொன்றும் செய்தது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெற்கே இருந்தவர்களுக்குக் காற்று வாங்க ஒரு கடற்கரை கிடைத்தது. வடக்கே குப்பங்களின் தெருக்கள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போயின, பிறகு கருங்கல் கொட்டினார்கள். ஒரே சுவரின் இரண்டு பக்கம் இவை.

4

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது நமது அரசாங்கம். ஆலைகள் வேண்டும் என்றார்கள், சரிதான். 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1971-ல் உரத் தொழிற்சாலை உற்பத்தி. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், மொத்தம் 450 மெகாவாட். 1990-களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட், பிறகு இன்னும் 1,200. 2012 முதல் வல்லூரில் 1,500 மெகாவாட். 2001-ல் இவற்றுக்கெல்லாம் கரி இறக்க எண்ணூர்த் துறைமுகம். நடுவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுங்கையூரில் பாதி நகரத்தின் குப்பை.

இப்போது ஒரு வரைபடத்தை எடுத்துக் காற்றை அதன்மேல் வீசவிட்டுப் பார்ப்போம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேக்காத்து. காலையிலிருந்து மேற்கிலிருந்து வறண்டு வீசும். மணலிக்கு நேர்கிழக்கே திருவொற்றியூர். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குக் கிழக்கே எழில் நகரும் கொருக்குப்பேட்டையும் தண்டையார்பேட்டையும். மத்தியானம் தரை நன்றாகச் சுட்ட பிறகுதான் கடற்காற்று உள்ளே நுழையும். மேக்காத்து பலமாக இருக்கிற நாளில் கடற்காற்று தாமதிக்கும், சில நாள் வரவே வராது. அதுவரை மணலியின் மூச்சுதான் எங்கள் மூச்சு. ஆயா மோந்து பார்த்தது இதைத்தான்.

மார்ச் முதல் மே வரை, கத்திரி வெயில் காலத்தில், தென்கிழக்கிலிருந்து கடற்காற்று. சென்னை முழுக்க அதற்காகக் காத்திருக்கும். எண்ணூர்க் கரையில் நிற்கும் உயரமான புகைபோக்கிகளைத் தாண்டி அது உள்நாட்டுக்குப் போகும். உயரமான புகைபோக்கி வைத்தால் புகை மேலேயே போய்விடும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். கடற்கரையில் அது பாதி உண்மை. கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, அடங்கியது. அதில் புகை கலையாமல் ஒரு கயிறுபோல நீண்டு போகும். உள்ளே போகப்போகச் சுட்ட தரையிலிருந்து எழும் காற்று கொதித்துப் புரண்டு அந்தக் கயிற்றைப் பிடித்துத் தரைக்கு இழுத்துவிடும். புகைபோக்கியின் காலடியில் சுத்தமாக இருக்கும். சில கிலோமீட்டர் தள்ளி அத்திப்பட்டிலும் மீஞ்சூரிலும் இறங்கும். சாம்பல் குளத்தை ஒட்டியே கிடக்கும் செப்பாக்கத்துக்கு இந்தக் கணக்கே வேண்டாம். எந்தக் காற்றடித்தாலும் அங்கே சோற்றுத்தட்டில் சாம்பல்.

அக்டோபர் முதல் வாடை. சென்னைக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டைத் தருகிற பருவம். மழை பெய்த மறுநாள் மட்டும் வடசென்னையில் வானம் நீலமாக இருக்கும். மழை இல்லாத வாடை நாளில் அனல்மின் நிலையச் சாம்பல் தெற்கே திரும்பிக் காட்டுக்குப்பத்துக்கும் நெட்டுக்குப்பத்துக்கும் கத்திவாக்கத்துக்கும் வரும். கொசஸ்தலையாற்றுச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் சாம்பலில் கை விடுவார்கள்.

பிறகு மார்கழி, தை. மலைப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இரவில் தரை குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது, அதற்கு மேலே வெப்பமான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது, புகை மேலே போக வழியில்லாமல் பள்ளத்திலேயே தேங்குகிறது. பெல்ஜியத்தில் மியூஸ் பள்ளத்தாக்கில் 1930 டிசம்பரில் இப்படி அறுபது பேர் செத்தார்கள். அமெரிக்காவில் டோனோரா என்ற எஃகு ஊரில் 1948-ல் இருபது பேர். மலையே இல்லாத லண்டனில் 1952 டிசம்பரில் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கில். அப்படியானால் மலை கட்டாயம் இல்லை, மூடி போதும். சமதரையான வடசென்னையிலும் தை மாத விடியற்காலையில் இதே மூடி விழுகிறது. எங்களுக்கு இருக்கிற ஒரே மலை கொடுங்கையூர்க் குப்பை மலை. அதுவும் எரிகிற மலை.

ஆக, வாடைக்கு ஒரு கூட்டம், கொண்டலுக்கு ஒரு கூட்டம், மேக்காத்துக்கு ஒரு கூட்டம். எந்தத் திசைக் காற்றுக்கும் ஒரு சேரியோ ஒரு குப்பமோ தயாராக இருக்கிறது. நான்கு பருவமும் சுற்றிவந்தாலும் அந்தப் புகை அடையாற்றையும் போட் கிளப்பையும் நெடுநேரம் தங்கித் தொந்தரவு செய்ததாகச் செய்தி இல்லை.

5

எங்க நைனா துறைமுகத்தில் கரி இறக்கியவர். கப்பலிலிருந்து இறங்கிய நிலக்கரி மலைமலையாகக் கிடக்கும், அதை அள்ளி வண்டியேற்றும் ஒப்பந்தக் கூலி. இரவு வீட்டுக்கு வந்தால் பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளையாக இருக்கும். அம்மா வெந்நீர் போட்டுத் தேய்த்துவிடுவாள், மூன்றாவது வாளித் தண்ணீரும் கறுப்பாகவே ஓடும். துப்பினால் கறுப்பு. "பொகை வந்தாத்தான்டா சோறு வரும், பொகை நின்னா நாமளும் நின்னோம்" என்று சொல்வார். அவருக்கு இருமல் வந்தபோது ஒரு மருத்துவமனையில் சோதனை ஏதும் செய்யாமலே காசநோய் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். சாப்பிட்டார். ஐம்பத்தாறு வயதில், ஒரு தை மாதம் விடியற்காலை நான்கு மணிக்குப் போனார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. எல்லோரும் கடைசியில் மாரடைத்துத்தானே சாகிறார்கள்.

அவர் அள்ளிய கரி ராயபுரத்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் பறந்தது. துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் பறந்தது. 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக்கூடாது, அவற்றை எண்ணூருக்கு மாற்ற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த அக்டோபரிலிருந்து கரி நின்றது. ராயபுரத்துக்காரர்கள் மூச்சுவிட்டார்கள், நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். எங்கள் உறவுக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தைப் பாருங்கள். கரித்தூள் உடம்புக்குக் கேடு என்று ஒத்துக்கொள்கிறது. பிறகு அதைப் பதினைந்து இருபது கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் வைக்கச் சொல்கிறது. எண்ணூரில் இருப்பவர்களுக்கு நுரையீரல் இல்லையா? தூசு கேடா, அல்லது தூசு இங்கே இருப்பது கேடா? ஆயா சொன்ன கிராமத்து விதியை நகரத்தின் நாகரிகமான மொழியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-ல் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் வந்தது. மத்திய வாரியம் 2009-ல் நாடு முழுவதும் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது; எழுபதைத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி என்று பொருள். மணலிக்கு 76.32. 2018-ல் மறுபடி போட்டபோது 84.15. பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காத மதிப்பெண் எங்கள் காற்றுக்குக் கிடைத்தது.

6

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். மழை வெள்ளத்தோடு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கியது. ஆரம்பத்தில் சொன்ன அதே கால்வாய். அதில் மிதந்து கொசஸ்தலையாற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் போனது. படகுகளும் வலைகளும் கறுத்தன, கூழைக்கடாக்கள் கறுத்தன. குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளியவர்கள் மீனவர்கள். கையுறைகூடச் சரியாக இல்லாமல் அவர்கள் அள்ளும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கால்வாயை வெட்டிய காலத்திலிருந்து இந்தக் காட்சி மாறவில்லை: பருவம் தவறும்போது கூலிக்கு இறங்குவது நாம்தான்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் பெரியகுப்பம் அருகே கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலில் விழித்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். சைரன் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலருகே ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக வாரியம் அளந்தது. 400-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. புயலில் குழாயைச் சுற்றியிருந்த பாறைகள் பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று விசாரணைக் குழு சொன்னது. 5.92 கோடி ரூபாய் இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது.

போபால் நடந்ததும் டிசம்பரில்தான், இரவில்தான். 1984. குளிர்கால இரவில் காற்று அடங்கிக் கிடக்கும், நச்சு தரையோடு தரையாக நகரும், குடிசைகளுக்குள் முதலில் நுழையும். இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஞ்ஞானம் இல்லை. நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்தும் எண்ணூரில் ஒரு சைரன் இல்லை.

7

நம் பக்கத்திலும் சில கசப்பான உண்மைகள் உண்டு. நாமே பேசாவிட்டால் யார் பேசுவது?

முதலாவது, தொழிற்சங்கங்கள். சம்பளம், போனஸ், நிரந்தரம் எல்லாவற்றுக்கும் கொடி பிடித்தார்கள். நன்றியோடு ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நுரையீரலுக்காக ஒரு நாள் வேலைநிறுத்தம் நடந்ததாக எங்க நைனாவின் நினைவில் இல்லை. புகை வளர்ச்சியின் அடையாளம் என்பதை முதலாளியைப் போலவே சங்கமும் நம்பியது. நிரந்தர வேலை பெரும்பாலும் யாருக்குப் போனது, கரி அள்ளுவதும் சாம்பல் வாருவதும் தொட்டி கழுவுவதும் யாருக்கு வந்தது என்று சாதிவாரியாகக் கணக்கெடுக்க எந்தச் சங்கமும் துணியவில்லை. இன்று அந்த வேலையும் கைமாறிவிட்டது. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டுமானத்தில் இருந்த அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். எங்கள் முன்னோர் பொன்னேரியிலிருந்து நடந்து வந்தார்கள், அவர்கள் ரயிலில் வந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, சுற்றுச்சூழல் நண்பர்கள். தெற்கேயிருந்து காமிராவோடு வந்து "இத மூடணும்" என்கிறார்கள். மூடத்தான் வேண்டும். ஆனால் 2017 மார்ச் 31-ல் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டபோது நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையம் இருந்தது. ஒப்பந்தக்காரனிடம் நாள்கூலிக்கு இருந்தவர்களுக்கு என்ன இருந்தது என்று எத்தனை பேர் கேட்டார்கள்? போகியன்று சேரிப் பையன்கள் டயர் எரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு தையிலும் பத்திரிகைகள் எழுதுகின்றன. 2018 போகியில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாயின, ரத்தாயின. அந்தப் புகை தேசியச் செய்தியானது. டயர் எரிப்பது தப்புதான், நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு நாள் புகைக்குக் குற்றவாளியின் முகம் உண்டு, முந்நூற்று அறுபத்து நான்கு நாள் புகைக்கு முகமே இல்லை என்றால் அது எப்படி?

மூன்றாவது, நமக்குள்ளேயே இருக்கும் பிளவு. குப்பத்துக்காரர் சேரிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைக்க மாட்டார், சேரிக்காரர் இருளரை எண்ணிக்கையிலேயே சேர்க்க மாட்டார். பர்மாவிலிருந்து வந்தவர்கள், சுனாமிக்குப் பிறகு எர்ணாவூருக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், எல்லோரும் தனித்தனி. காற்று மட்டும் எங்களை ஒன்றாக நடத்துகிறது. 2024 டிசம்பரில் எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்பிலும், கொடுங்கையூரில் குப்பை எரி உலை வருவதற்கெதிரான போராட்டங்களிலும் இந்தத் தனித்தனிக் கூட்டங்கள் ஒரே பக்கம் நின்றன. சின்ன விஷயம்தான், ஆனால் முன்பு நான் பார்க்காதது.

8

அமெரிக்காவில் வாரன் என்ற மாவட்டத்தில், கறுப்பர்கள் அதிகம் வாழும் இடத்தில், 1982-ல் நச்சுக் கழிவைப் புதைக்க வந்தபோது மக்கள் லாரிகளுக்கு முன்னால் படுத்தார்கள். சுற்றுச்சூழல் இனவாதம் என்ற சொல் அந்தப் போராட்டத்தோடு வந்தது. நமக்கு அதற்கு நிகரான சொல் இன்னும் வழக்கில் இல்லை. சுற்றுச்சூழல் சாதி என்று சொல்லிப் பார்க்கலாம். எங்க ஆயாவுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை, காத்து போற தெசையில வச்சிட்டாங்க என்றாள், போதும்.

இன்னொரு செய்தி. லண்டனில் நெரிசல் மிகுந்த ஒரு சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி ஆஸ்துமாவால் 2013-ல் இறந்தாள். அவள் தாய் விடவில்லை. ஏழு ஆண்டுகள் போராடி, அந்தச் சாலையின் காற்று அளவீடுகளையும் மகள் மருத்துவமனைக்குப் போன நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவைத்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, சாவுக்குக் காரணங்களில் ஒன்று காற்று மாசு என்று எழுதினார். பிரிட்டனில் ஒரு மரணத்துக்கு அப்படி எழுதப்பட்டது அதுவே முதல்முறை.

அந்தத் தாய் செய்ததை நாமும் செய்ய முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இன்று மணலியிலும் கொடுங்கையூரிலும் ராயபுரத்திலும் தானியங்கிக் காற்று அளவி நிற்கிறது. இருபத்துநாலு மணி நேரத்துக்கு நுண்துகள் ஒரு கனமீட்டரில் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. அளவியில் வரும் எண்ணை யாரும் பார்க்கலாம். ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது? எந்த நாள் எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைக்கு இளைப்பு வந்தது, எந்த ராத்திரி எத்தனை மணிக்கு எந்த நாற்றம் வந்தது, எத்தனை கூலி போனது என்று நம்மிடம் ஒரு வரி எழுத்து இல்லை. நுங்கம்பாக்கத்தில் வெள்ளைக்காரன் 1796-ல் நோட்டுப் போட்டான். நாம் இன்னும் போடவில்லை.

படிக்கிற மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டாம். உங்கள் தெருக் கிழவிகளிடம் உட்காருங்கள். எந்த மாசம், எந்தக் காத்து, என்ன வாடை, யாருக்கு இருமல் என்று கேட்டுத் தேதியோடு எழுதுங்கள். வீட்டில் இருக்கிற மருந்துச்சீட்டுகளைக் குப்பையில் போடாமல் வருஷவாரியாக அடுக்குங்கள். நீதிமன்றம் கேட்பது காகிதம், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரி கேட்பது காகிதம். நம் பாட்டிகளின் மூக்கைக் காகிதத்தில் ஏற்றுவதுதான் இப்போதைக்கு நம் வேலை.

ஆயா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. போன ஆவணி மாதத்திலிருந்து நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். முதல் பக்கத்தில் முதல் வரி இது: காலை ஆறு மணி, மேக்காத்து, முட்டை நாத்தம், பக்கத்து வீட்டுச் சின்னப்பெண்ணுக்கு இளைப்பு, பள்ளிக்கூடம் போகவில்லை.